கட்டிலுக்கடியில் நான்கு டயர்கள்

அந்த வீட்டுப் படுக்கையறையில், இரும்புக் கட்டிலுக்கு அடியில், நான்கு டயர்கள் நான்கு வருஷமும் இரண்டு மாதமும் படுத்துக் கிடந்தன. கட்டிலின் உயரம் பதினைந்து அங்குலம். டயரின் அகலம் ஏழேகால் அங்குலம். ஆகவே இடம் தாராளம். ஒவ்வொரு டயரும் கறுப்பு பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு சுற்று சுற்றி, வாய் கட்டி, வெள்ளை நாடா ஒட்டியிருக்கும். நாடாவின்மேல் 'முன் இடது', 'முன் வலது', 'பின் இடது', 'பின் வலது' என்று மையால் எழுதியிருக்கும். வெயில் படக்கூடாது, காற்று படக்கூடாது, ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது. இப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்தால் பிள்ளை சவலையாகிவிடும் என்பார்கள். டயருக்கு அந்த ஆபத்து இல்லை என்று அண்ணி நினைத்திருந்தாள்.

அவள் எல்லாருக்கும் அண்ணி. முதலில் கொழுந்தன் ஒருவன்தான் அப்படிக் கூப்பிட்டான். அவன் குரல் பெரிது, பந்தய மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து "அண்ணீ!" என்றால் மறுகோடியில் இருப்பவனும் திரும்பிப் பார்ப்பான். இரண்டு வருஷத்தில் மைதானமே அவளை அப்படி அழைக்கத் தொடங்கிவிட்டது. எழுபத்திரண்டு வயதான கிளப் செயலாளரும் விலக்கல்ல.

"உங்களுக்குமா நான் அண்ணி, சார்?" என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தாள்.

"அண்ணன் இல்லாத குறை எனக்கு ரொம்ப நாளா இருக்கும்மா. அண்ணியாவது இருக்கட்டும்" என்றார் அவர்.

அவள் தொழில் பல்செட் செய்வது. வீட்டின் பின்பக்கம், எட்டுக்கு ஒன்பது அடியில் ஓர் அறை, வடக்கே ஜன்னல். பல் மருத்துவர்கள் வாய் அச்சை அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். அண்ணி அதில் மெழுகு வார்த்து, பல் அடுக்கி, ஈறு நிறப் பசையைத் திணித்து, அடுப்பில் இரண்டு மணி நேரம் வேகவைத்து, தேய்த்து மெருகேற்றி அனுப்புவாள். பசையைக் குழைத்ததும் அது பதத்துக்கு வரக் காத்திருக்க வேண்டும். இளகலாக இருந்தால் ஒட்டும். இறுகிவிட்டால் எதற்கும் உதவாது. நடுவில் மூன்று நிமிஷம்தான் பதம். அதைக் கடிகாரம் பார்த்துச் சொல்ல முடியாது. வலதுகைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இருபத்தாறு வருஷம் அழுத்திய நகம் அது.

அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். "வாரம் பூரா மேலயும் கீழயுமா போயிட்டு வர்ற மனுஷன். ஞாயித்துக்கிழமையாவது சுத்திட்டு வரட்டுமே" என்று, அவர் கார் பந்தயம் போவதைக் குறைசொன்ன உறவுக்காரர்களிடம் அண்ணி சொல்வாள். அவருடைய கார் சின்னது, பழையது, தக்காளி நிறம். கதவில் எண் பதினேழு. விமானம் இறங்குவதை விட்டுவிட்ட ஒரு பழைய ஓடுதளத்தை வாடகைக்கு எடுத்து, கிளப் வருஷத்தில் ஆறு ஞாயிறு பந்தயம் நடத்தும். ஒரு சுற்று இரண்டு கிலோமீட்டரும் நூற்றுப்பத்து மீட்டரும். பரிசு என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஆனால் வாசலில், சீட்டுக் கொடுக்கும் அறைக்குப் பக்கத்தில், ஒரு பச்சைப் பலகை இருந்தது. சின்ன கார்களில் ஒரு சுற்றைத் தொண்ணூறு வினாடிக்குள் முடித்தவர்களின் பெயர்களை மட்டும் வெள்ளை வண்ணத்தில் அதில் எழுதி வைப்பார்கள். அந்தப் பலகையில் ஏறுவதுதான் லிஃப்ட்காரரின் ஆசை. வேறு ஆசை அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

கல்யாணமாகி இரண்டாவது வருஷம், கார் ஒரு வளைவில் புல்லுக்குள் போய் மூக்கை உடைத்துக்கொண்ட மறுநாள், அண்ணி அவரிடம் ஓர் உறுதி வாங்கினாள்.

"பலகையில பேரு ஏறிட்டா காரை வித்துடணும். சரியா?"

"சரி."

"சும்மா தலையாட்டக் கூடாது. வாயைத் திறந்து சொல்லுங்க."

"பேரு ஏறி ஒரு மாசத்துக்குள்ள வித்துடுறேன். போதுமா? ஏறட்டும் முதல்ல."

கார் மூக்கை உடைத்துக்கொண்டதற்குக் காரணம் டயர்தான். அதை அவர்தான் வாங்கி வந்தார். எவனோ ஒரு கடைக்காரன் மாடியில் கிடந்த நான்கு டயர்களைக் காட்டி, "ஓடவே இல்ல சார், மீசைகூட உதிரல" என்று சொல்லியிருக்கிறான். புது டயரின் மேல் மெல்லிய ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருக்கும்; அதுதான் மீசை. உண்மையில் மீசை முழுசாக இருந்தது. பாதி விலைக்குக் கிடைத்ததென்று அவர் பூரித்துப் போனார். முதல் சுற்று, இரண்டாவது வளைவு. கார் பனிக்கட்டியில் வைத்த சோப்புக்கட்டி மாதிரி போயிற்று.

கயிறு கட்டி இழுத்து வந்த காரின் பக்கத்தில் அண்ணி உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் டயரில் நகத்தை அழுத்தினாள். பதியவில்லை.

"இது வெந்து முடிஞ்ச பல்செட்டுங்க" என்றாள். "இதைப் போயா பசைன்னு வாங்கினீங்க?"

"மீசை இருந்துச்சே!"

"மீசை இருந்தா வாலிபனா? கிழவனுக்கும்தான் இருக்கு."

டயரின் விலாவில் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். அது பிறந்த தேதி. கொழுந்தன் குனிந்து கணக்குப் போட்டு, "அண்ணே, இதுக்கு ஒன்பது வயசு. பள்ளிக்கூடத்துல சேர்த்துடலாம்" என்றான். அன்றைக்கு முடிவாயிற்று: ஓட்டுவது அவர், பழுது பார்ப்பது தம்பி, டயர் வாங்குவது அண்ணி.

புது டயர் வாங்க அவர்களுக்குக் கட்டாது. பெரிய பந்தயக் குழுக்கள் வெள்ளிக்கிழமையே வந்து ஓட்டிப் பார்ப்பார்கள். அவர்களுக்கு டயர் ஒருநாள் பண்டம். பத்துச் சுற்று ஓடினால் கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்டுவார்கள். எறிந்ததையெல்லாம் வாரிக்கொண்டு ஒரு லாரிக்காரர் பின்வாசலில் நிற்பார். புதுசு ஒன்றின் விலைக்கு அங்கே நான்கு வாங்கலாம். சின்னக் கார்க்காரர்கள் எல்லாரும் அங்கேதான். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு லாரியின் பின்கதவு இறங்கும்போது அண்ணி முதல் ஆளாக நிற்பாள். கையில் ஒரு துணிப்பை. அதில் ஆறங்குல இரும்பு ஸ்கேல், ஒரு பூதக்கண்ணாடி, சொத்தைப்பல் பார்க்கும் வளைந்த கம்பி.

அவள் பார்க்கிற முறை மாறவே மாறாது. முதலில் பிறந்த தேதி. பிறகு, தேய்மானம் பார்ப்பதற்கென்றே டயரில் விட்டிருக்கும் சிறு குழிகளில் கம்பியை விட்டு ஆழம் அளப்பாள். கடைசியில் நகம்: உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடம். நகக்குறி ஐந்து எண்ணும்வரை நின்றால் நல்ல டயர். இரண்டில் மறைந்தால் சுமார். பதியாவிட்டால், கையைத் துடைத்துக்கொண்டு அடுத்ததுக்குப் போய்விடுவாள்.

"நான் கொடுக்கிறதே அடிமாட்டு விலை" என்று லாரிக்காரர் அலுத்துக்கொள்வார். "அதுல மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கிறீங்களே அண்ணி!"

"என் பொழைப்பே பல்லுதானே. இந்த மாட்டுக்குக் கடைவாய்ப் பல்லு போயிடுச்சு, பாருங்க. வெளி ஓரம் ரெண்டு மில்லி, உள் ஓரம் நாலரை. இது ஒரு பக்கமே சாஞ்சு ஓடின டயர்."

"மில்லிக் கணக்குல பேசினா நான் என்னதான் பண்றது?"

"விலையைக் கொஞ்சம் குறைங்க."

"எங்கிட்ட நீங்க வாங்குறது டயரு இல்ல, என் உசுரு."

"அதுல நகம் பதியுதா, பார்த்துட்டுச் சொல்றேன்."

சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவர்களில் மளிகைக்கடைக்காரர் ஒருவர். அவரும் லிஃப்ட்காரர் ஓட்டும் அதே ரகக் கார்தான் ஓட்டினார். அவர் பெயர் பலகையில் ஏழாவதாக ஏறி வெகுநாளாகிவிட்டது. இருந்தும் அண்ணி கைவைத்துவிட்டு ஒதுக்கிய டயர்களில்தான் அவர் தமக்குப் பொறுக்குவார். "அண்ணி ஒதுக்கினதுகூட மத்தவன் பொறுக்கினதைவிட மேல்" என்பது அவர் சித்தாந்தம்.

வருஷங்கள் இப்படியே போயின. சனிக்கிழமை காலை ரப்பர் வாசம், விரலில் கறுப்பு, லாரிக்காரரிடம் வாய்ச்சண்டை, பிளாஸ்கில் டீ. ஞாயிறு முழுக்க மண்மேட்டில் மடக்கு நாற்காலி போட்டு, கழுத்தில் தொங்கும் நிறுத்துக் கடிகாரத்தோடு உட்கார்ந்திருப்பாள். லிஃப்ட்காரரின் முதல் வருஷ நேரம் நூற்றொன்று புள்ளி மூன்று. பிறகு தொண்ணூற்றாறு, தொண்ணூற்று மூன்று, மூன்று வருஷம் தொண்ணூற்றிரண்டிலேயே நின்றது. பதினெட்டாவது வருஷம் தை மாதம் நடந்த பந்தயத்தில், சாதாரண டயரில், தொண்ணூறு புள்ளி நான்கு. அன்று அவர் காரை விட்டு இறங்கி வந்தபோது, லாட்டரியில் ஓர் எண் தவறியவனைப் போல இருந்தார்.

அதற்கு அடுத்த பந்தயத்துக்கு முந்தைய சனிக்கிழமைதான் அந்த நான்கு டயர்கள் வந்தன. ஒரு பெரிய குழுவின் கார் மூன்றாவது சுற்றிலேயே என்ஜின் வெடித்து நின்றுவிட்டது. மூன்றே சுற்று ஓடிய டயர்கள். பிறந்து பதினோரு வாரம். அண்ணி நகத்தை அழுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று... எட்டு எண்ணியும் குறி நின்றது. முகத்தில் எதையும் காட்டாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, "சுமார்தான்" என்றாள். ஆனால் லாரிக்காரர் சொன்ன விலையை அவள் குறைக்கச் சொல்லவில்லை. அதிலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. இருந்தும் பேச்சு மாறவில்லை.

"நாளைக்கே மாட்டிடுவோம்!" என்று குதித்தார் லிஃப்ட்காரர்.

"நாளைக்கு மழை வரும்போல இருக்கு. இதை மழையில ஓட்டித் தேய்க்கிறதா? நல்ல நாளாப் பார்த்துப் போடுவோம்."

மழை வரத்தான் வந்தது. அடுத்த முறை கிளட்ச் வழுக்கியது. அதற்கடுத்த முறை அவருக்கு இடுப்பில் பிடிப்பு. ஒவ்வொரு முறையும் லாரியில் சுமாராக நான்கு பொறுக்கி மாட்டினார்கள். நல்லவை கட்டிலுக்கடியிலேயே இருந்தன. இப்படி இருபத்துநான்கு பந்தயங்கள் போயின. அவற்றில் மழை ஐந்து, காரின் கோளாறு ஒன்பது, இடுப்பு இரண்டு. மீதி எட்டுக்கு, அண்ணி "இன்னைக்கு வேண்டாங்க" என்றதைத் தவிர வேறு காரணம் இல்லை.

"அண்ணி, அதை எப்பத்தான் வெளிய எடுப்பீங்க? உங்க பேரப்பிள்ளை ஓட்டுறப்பவா?" என்று கொழுந்தன் கேட்பான்.

"நேரம் வரும்டா."

ஊர் டயரையெல்லாம் அழுத்திப் பார்த்தவள் தன் வீட்டு டயரை ஒருநாளும் அழுத்திப் பார்க்கவில்லை. உறையைப் பிரித்தால் காற்று புகுந்துவிடும் என்பது அவள் எண்ணம். வாரம் ஒருமுறை மேலே தூசி துடைப்பதோடு சரி.

பிறகு ஒருநாள் கிளப்பிலிருந்து கடிதம் வந்தது. ஓடுதளத்தைச் சரக்குக் கிடங்கு கட்ட எடுத்துக்கொள்கிறார்கள். மே மாதம் கடைசி ஞாயிறு நடப்பதே கடைசிப் பந்தயம். லிஃப்ட்காரர் அதை இரண்டு முறை படித்து, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் எதுவும் கேட்கவில்லை. அண்ணிதான் சொன்னாள்:

"இதுதாங்க அந்த நல்ல நாள். மாட்டிடலாம்."

பந்தயத்துக்கு ஐந்து நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை காலை, வீட்டில் யாரும் இல்லாதபோது, கட்டிலுக்கடியிலிருந்து 'முன் இடது' டயரை இழுத்து உறையைப் பிரித்தாள். பார்வைக்கு அப்படியே இருந்தது. நகத்தை அழுத்தினாள். பதியவில்லை. வேறு இடத்தில் அழுத்தினாள். நகம்தான் வலித்தது. நான்கையும் பிரித்தாள். நான்கும் ஒன்றுபோலவே.

அவள் தரையில் உட்கார்ந்து, சாய்வதற்காகச் சுவரில் முதுகை வைத்தாள். சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. குளிர்காலத்தில் கட்டிலை இந்தச் சுவரோரமாகப் போட்டால் கதகதப்பாக இருக்கிறது என்று அவள்தான் போடச் சொல்லியிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய அறை. அடுப்பு அங்கேதான், சுவரை ஒட்டி. நான்கு வருஷம், வாரத்துக்கு ஆறு நாள், பல்செட்டுகளை வேகவைத்த சூட்டிலேயே டயர்களையும் சேர்த்து வேகவைத்திருக்கிறாள்.

அன்று மாலை அண்ணனும் தம்பியும் வந்ததும் அவள் சுற்றி வளைக்கவில்லை. "டயர் போச்சு. நான்தான் கெடுத்தேன்" என்றாள்.

லிஃப்ட்காரர் குனிந்து, தம் நகத்தை அழுத்திப் பார்த்தார். அவருக்கு அதில் எதுவும் தெரியாது, இருந்தாலும் அழுத்தினார்.

"வேற வாங்கிக்கலாம்" என்றார்.

"எங்க வாங்குவீங்க? லாரிக்காரருக்கு இப்பத்தான் போன் பண்ணேன். கடைசிப் பந்தயத்துக்குப் பெரிய குழு ஒண்ணும் வரலையாம். அவங்க வரலன்னா அவருக்கு ஏது டயர்? கார்ல இருக்கிற பழசு பல்லு போன கிழவி. அதுல தொண்ணூத்தி ரெண்டுகூட வராது."

"வெண்ணெய் திரண்டு வர்றப்ப தாழி உடைஞ்ச கதை" என்றான் கொழுந்தன். அண்ணியின் முகத்தைப் பார்த்தவன், "தாழியை ஒட்ட வச்சிடலாம் அண்ணி, விடுங்க" என்று சேர்த்துக்கொண்டான்.

ஒட்ட வைக்கும் யோசனையை அவள்தான் கண்டுபிடித்தாள். பல்செட்டின் மேல்தோல் கெட்டிப்பட்டுப் பழுத்துப் போனால், அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் உள்ளே புதுசு மாதிரி இருக்கும். டயருக்கும் தோல் உண்டு அல்லவா? புதன்கிழமை காலை, பல் தேய்க்கும் கைமோட்டாரில் உப்புத்தாள் உருளையை மாட்டி, 'முன் இடது' டயரில் கைவிரல் அகலத்துக்குத் தேய்த்துப் பார்த்தாள். அரை மில்லி போனதும் நிறம் மாறியது. சாம்பல் போய்க் கறுப்பு வந்தது. நகத்தை அழுத்தினாள். குறி விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. மறைந்தது.

மூன்று போதாது, ஆனாலும் எதுவுமே இல்லாததற்கு மூன்று மேல். கையிலிருந்த நான்கு பல்செட்டுகளுக்கும் மருத்துவர்களிடம் மூன்று நாள் தவணை கேட்டாள். ஒரு பல்லை மெருகேற்றுகிற உருளையால் நான்கு டயர்களைச் சுற்றிச் சுற்றித் தேய்ப்பதென்பது ஸ்பூனால் கிணறு வெட்டுகிற வேலை. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் தேய்த்தாள். எழுபத்தோரு உருளைகள் தீர்ந்தன. அறையெல்லாம் கறுப்புத் தூள். மூக்குக்குள், காதுக்குள், டீக் கோப்பைக்குள்ளும்.

"அண்ணி டயருக்குப் பல்லு விளக்கி விடுறாங்க" என்று மளிகைக்கடைக்காரரிடம் போனில் சொன்னான் கொழுந்தன்.

வெள்ளி மாலை அவள் கணவரைக் கூப்பிட்டு நிற்க வைத்து, விவரமாகச் சொன்னாள். "நல்லாக் கேட்டுக்குங்க. மொத சுத்து சூடேத்துங்க, விரட்டாதீங்க. ரெண்டாவது, மூணாவது, இந்த ரெண்டுலதான் பிடிக்கும். நாலாவதுல அடித்தோல் வந்துடும். அப்புறம் கழுதை தேய்ஞ்சு கட்டெறும்புதான். ரெண்டே ரெண்டு சுத்து. புரியுதா?"

"பதினெட்டு மாடி லிஃப்ட்டையே ஒரே கயித்துல தொங்கிப் பார்த்தவன் நான்."

"கயிறு புதுசா இருந்திருக்கும்."

கடைசி ஞாயிறு வெயிலடித்தது, காற்று இல்லை. முப்பத்தொரு கார்கள் வந்திருந்தன. பல வருஷமாக ஓட்டாதவர்களும் சும்மா பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார்கள். பின்வாசலில் லாரி இல்லாத இடத்தில் இரண்டு எண்ணெய்க் கறைகள் மட்டும் இருந்தன. அண்ணி அந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, கடைசி நேரத்தில் தேய்க்க ஆகுமென்று கொண்டுவந்த கைமோட்டார்ப் பையைக் கொழுந்தனிடம் கொடுத்தாள். மண்மேட்டில் நாற்காலியை விரித்தாள்.

சின்னக் கார்கள் ஐந்து சுற்று ஓடலாம். எண் பதினேழு முதல் சுற்றை நிதானமாக, அண்ணி சொன்னபடியே ஓட்டியது. இரண்டாவது சுற்றில் கோடு தாண்டும்போதே சத்தம் வேறு மாதிரி இருந்தது. முதல் வளைவில் வழுக்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை. பிடிக்கிறது, பிடிக்கிறது என்று அவள் வாய் முணுமுணுத்தது. கடைசி வளைவுக்குப் போகும்போது அவருக்கு நேர் முன்னால் மளிகைக்கடைக்காரரின் நீல நிறக் கார் வந்துவிட்டது. அது மெல்லப் போய்க்கொண்டிருந்தது. லிஃப்ட்காரர் பிரேக் போட்டார். அண்ணி கடிகாரத்தை அமுக்கினாள்: தொண்ணூற்றொன்று புள்ளி பூஜ்யம்.

"போச்சு" என்றாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு அண்ணி" என்றான் கொழுந்தன். அவன் குரல் முதன்முதலாகச் சின்னதாக இருந்தது.

நீலக் கார் அப்போது ஒரு காரியம் செய்தது. முதல் வளைவு வருமுன்னே வலப்பக்கம் ஒதுங்கிப் புல்லில் இறங்கி நின்றுவிட்டது. கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, 'போ, போ' என்று ஆட்டியது. தக்காளிக் கார் அதைக் கடந்து போயிற்று. அண்ணி எழுந்து நின்றாள். கார் தூரத்து மூலையில் திரும்பும்போது பின்பக்கம் லேசாக ஒதுங்கியது. தோல் போகத் தொடங்கிவிட்டது. கடைசி வளைவில் டயர்கள் கீச்சென்று அழுதன. நல்ல ரப்பர் அப்படிக் கத்தாது. கார் கோட்டைத் தாண்டியது.

ஒலிபெருக்கி கரகரத்தது. நேரம் குறிப்பவர் எதையும் அவசரமாகச் சொல்லும் மனிதர் அல்லர்; தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கார் எண் பதினேழு. மூன்றாவது சுற்று. எண்பத்தொன்பது புள்ளி எட்டு."

அண்ணி கழுத்திலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவள் அமுக்க மறந்தாள்.

நான்காவது சுற்றில் கார் புல்லுக்குள் போய், ஒன்றும் ஆகாமல், தானாகத் திரும்பி வந்தது. கொழுந்தன் அண்ணனைக் கதவு வழியே பாதியிலேயே இழுத்துக் கட்டிக்கொண்டான். மளிகைக்கடைக்காரர் நிதானமாக நடந்து வந்தார்.

"ஏன் அண்ணே ஒதுங்கினீங்க?" என்று கேட்டாள் அண்ணி.

"நான் எங்க ஒதுங்கினேன்? கழிஞ்ச தடவை நீங்க ஒதுக்கின டயரை மாட்டியிருந்தேன். அதுதான் ஒதுங்கிடுச்சு."

பலகையில் எழுதவேண்டிய நேரத்தில் ஒரு சிக்கல் வந்தது. செயலாளர் கையைப் பிசைந்துகொண்டு வந்தார். எழுதுகிறவர் போன வருஷமே வேறு ஊருக்குப் போய்விட்டார். டப்பாவில் வெள்ளை வண்ணம் காய்ந்து கல்லாகிவிட்டது. "நாளைக்குக் காலையில பலகையைக் கழட்டிடுவாங்களேம்மா" என்றார், ஏதோ தம் மேல் தப்பு என்பதுபோல.

"அந்தப் பையை எடு" என்றாள் அண்ணி கொழுந்தனிடம்.

கைமோட்டார்ப் பையின் அடியில், பல்செட்டில் ஈறுக்கு நிறமேற்றும் குப்பி ஒன்றும், மூன்று முடி மட்டுமே உள்ளதுபோன்ற மெல்லிய தூரிகையும் இருந்தன. அவள் ஸ்கேலை வைத்துக் கோடு போட்டு, பதினொன்றாவது பெயருக்குக் கீழே முக்கால் அங்குலம் விட்டு, எழுத ஆரம்பித்தாள். ஒரு பெயர் எழுத நாற்பது நிமிஷம். யாரும் கலைந்து போகவில்லை. பதினொரு பெயர் வெள்ளை. பன்னிரண்டாவது, ஈறு நிறம்.

"உன் பேரு பல்லு முளைக்காத குழந்தை மாதிரி இருக்குப்பா" என்றார் மளிகைக்கடைக்காரர். லிஃப்ட்காரர் தம் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பும்போது தம்பி காரை இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு முன்னால் போனான். இவர்கள் இருவரும் பின்னால் வந்தார்கள். பாதி வழியில் அண்ணி சொன்னாள்:

"நாலு வருஷம் முன்னாடியே அதை மாட்டியிருந்தா எண்பத்தெட்டே வந்திருக்கும். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

"வந்திருக்கும்" என்று ஒத்துக்கொண்டார் அவர். "அந்த மாசமே காரை வித்திருப்போம். அப்புறம் சனிக்கிழமை சனிக்கிழமை நீ யார்கிட்டப் போய் மில்லிக் கணக்கு பேசுவ?"

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அந்த எட்டு தடவை" என்றார் அவர். "மழையும் இல்ல, கிளட்சும் நல்லா இருந்துச்சு, எனக்கு இடுப்பும் வலிக்கல. 'இன்னைக்கு வேண்டாங்க'ன்ன. நான் ஏன்னு கேட்டேனா?"

"கேக்கல."

"ஏன் கேக்கல?"

வீடு வரும்வரை அவள் வலதுகைக் கட்டைவிரல் நகத்தில் ஒட்டியிருந்த ஈறு நிறத்தைச் சுரண்டிக்கொண்டே வந்தாள்.

சொன்ன சொல் மாறாமல் ஜூன் மாதம் இருபத்தாறாம் தேதி காரை விற்றார் லிஃப்ட்காரர். வாங்கியவர் மளிகைக்கடைக்காரர், நீலக் காருக்கு உதிரி பாகத்துக்கு ஆகும் என்றார், ஆனால் ஒரு திருகுகூடக் கழற்றவில்லை. பச்சைப் பலகையையும் அவரே கேட்டு வாங்கி, கடையில் தராசுக்கு மேலே மாட்டினார். சாமான் வாங்கப் போகும்போதெல்லாம் அண்ணி அண்ணாந்து பார்ப்பாள். தெருவோரம் நிற்கும் காரின் டயரில் போகிற போக்கில் நகத்தை அழுத்தி, "கட்டி" என்றோ "சுமார்" என்றோ சொல்லிவிட்டு நடக்கும் பழக்கமும் அவளை விடவில்லை. கார்க்காரர்கள் சிலர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள்.

கார் போன மறுவாரம் கொழுந்தன் வீட்டுக்கு வந்தான். உருண்டு போன பேனாவை எடுக்கக் கட்டிலுக்கடியில் குனிந்தவன், குனிந்தபடியே நின்றான். கட்டில் வெதுவெதுப்பான சுவரை விட்டு எதிர்ச்சுவருக்கு மாறியிருந்தது. அதன் அடியில், கறுப்பு உறையில் இரண்டு சுற்று சுற்றி, வாய் கட்டி, வெள்ளை நாடா ஒட்டி, நான்கு டயர்கள். தேய்ந்து, நூல் தெரிகிற அதே நான்கு டயர்கள்.

"அண்ணி! இது எந்த நல்ல நாளுக்கு?"

அண்ணி அடுத்த அறையில் பசை குழைத்துக்கொண்டிருந்தாள். நகத்தால் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள், பதம் வரவில்லை.

"கட்டில் கால் ஆடுதுடா" என்றாள். "முட்டுக் கொடுத்திருக்கேன்."

கொழுந்தன் கட்டிலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். அவன் அண்ணன் கையால் பற்றவைத்த இரும்புக் கட்டில். அது அசையவில்லை.